பட்டம் இல்லாமல் மென்பொருள் வேலை கிடைக்குமா?

தம்பி, டிப்ளோமாவைப் பாதியில் விட்டுவிட்டு பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டே ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி படிக்கிறீர்கள். விண்ணப்பித்த இடங்களிலிருந்து பதிலே இல்லை, அம்மா சொல்வதுபோல் பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக்கடன் வாங்கி டிகிரி முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் பட்டம் இல்லாதவர்களைப் பல நேரம் படிவத்திலேயே வடிகட்டிவிடும். சின்ன நிறுவனங்களைக் குறிவையுங்கள். அங்கே நேர்காணல் செய்பவரே பெரும்பாலும் கூட உட்கார்ந்து வேலை செய்பவர். நீங்கள் எழுதிய நிரலைத் திறந்து பார்ப்பார். ஆனால் நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் வானிலை ஆப், டூ-டூ லிஸ்ட் என்று வைத்திருக்கிறீர்களே, அது எல்லோரிடமும் இருக்கிறது! ஆலையில் ஷிப்டு மாற்றிக்கொள்ள வாட்சப்பில் அல்லாடுவீர்கள்தானே? அதற்கு ஒரு சின்ன இணையதளம் கட்டுங்கள். நிறுவனத்தின் தகவல் எதையும் அதில் போடாதீர்கள். நாலு பேர் பயன்படுத்தி, குறை சொல்லி, நீங்கள் சரிசெய்திருந்தால் நேர்காணலில் அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும். தரவுத்தளங்களைக் கையாளும் மொழியான எஸ்க்யூஎல்லையும் விடாதீர்கள்.

கோலாலம்பூர் பக்கம் வர முடிந்தால் சன்வேயில் உள்ள 42 கேஎல் என்ற நிரலாக்கப் பள்ளியைப் பாருங்கள். கட்டணம் கிடையாது, பட்டமும் கேட்பதில்லை. நான்கு வாரத் தேர்வுக் கட்டம் ஆளைப் பிழிந்துவிடும். அறை வாடகையும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு, அதற்குப் பணம் சேர்த்துக்கொண்டு வேலையை விடுங்கள்.

அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு. சிங்கப்பூர் போகும் ஆசை இருந்தால், அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு 2023 முதல் புள்ளிமுறை. 40 புள்ளி வேண்டும். பட்டம் இல்லையென்றால் கல்வித்தகுதிக்குப் பூஜ்யம், மற்றதில்தான் ஈடுகட்ட வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் வேலை கிடைத்தபின் பகுதிநேரமாகப் படிக்கலாம்.