அடகுக்கடைக் கிழவியின் கணக்கு

அன்புள்ள சார்,

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவல் வாங்கினேன். தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு அடகுக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கொலைக்கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். முதல் பாகத்திலேயே கொலை நடந்துவிட்டது, செய்தவன் யாரென்றும் தெரிந்துவிட்டது. மிச்சம் ஐந்து பாகம் எதற்கு? அப்புறம், செத்தது அடகு பிடிக்கும் கிழவி. அவள்மேல் ஆசிரியருக்குத் துளி இரக்கம் இல்லை. எங்கள் தொழில்காரர்களைத் தீர்த்துக்கட்டினால் புண்ணியம் என்கிறாரா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், மதுரை)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். கதாநாயகன் ரஸ்கோல்னிகோவ் தன் அப்பாவின் வெள்ளிக் கடிகாரத்தைக் கொண்டுபோகிறான். கிழவி ஒன்றரை ரூபிள் போடுகிறாள். ரூபிளுக்கு மாதம் 10 கோபெக், அதாவது பத்து வட்டி. முன்வட்டி 15 கோபெக். ஏற்கெனவே மோதிரத்துக்கு வாங்கிய 2 ரூபிளுக்கு இன்னொரு 20. பிடித்தம் போக அவன் கைக்கு வருவது 1 ரூபிள் 15 கோபெக். மதுரையில் இந்த இடத்துக்கு உரை எழுத வேண்டியதில்லை. தஸ்தயெவ்ஸ்கி 1865-இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் சூதாடித் தோற்று, ஓட்டல் பாக்கியோடு உட்கார்ந்திருந்த நாட்களில்தான் இந்தக் கதையைப் பிடித்தார்.

கொலையன்று அவன் கொண்டுபோகும் பொட்டலத்தைக் கவனித்தீர்களா? உள்ளே ஒரு மரத்துண்டும் இரும்புத் தகடும்தான். குறுக்கும் நெடுக்குமாக நூல் சுற்றி, சுலபத்தில் அவிழாதபடி முடிந்திருக்கிறான். கிழவி முடிச்சோடு மல்லாடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்புகிறாள், முதுகு அவன் பக்கம். பொருளைப் பார்க்காமல் காசு கொடுக்காத உங்கள் தொழில்புத்தியை வைத்தே அவளைச் சாய்க்கிறான்.

இரக்கம் இல்லை என்றது சரிதான். ஆனால் கிழவியை நாம் பெரும்பாலும் அவன் கண்ணால்தான் பார்க்கிறோம். கொலைகாரனே சொல்வதாக முதலில் எழுதிய ஆசிரியர், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படர்க்கைக்கு மாறினார். மாறிய பிறகும் அவனை விட்டு அதிகம் நகரவில்லை. அவளைப் பேன் என்பது அவன். அந்த ஒருத்தி போனால் அவள் பணத்தில் எத்தனையோ குடும்பம் பிழைக்கும் என்பது குடிக்கடையில் ஒரு மாணவன் போடும் கணக்கு. படிக்கும்போது சரியாக வருவதுபோலவே இருக்கும். அப்போதுதான் லிஸவெத்தா உள்ளே வந்து நிற்கிறாள். கிழவியிடம் அடிவாங்கி உழைத்த அப்பாவித் தங்கை. யார் பெயரைச் சொல்லி அந்தக் கணக்குப் போடப்பட்டதோ, அந்த ஏழைகளில் ஒருத்தி. கோடரி அவள்மேலும் விழுகிறது. புண்ணியம் என்று ஆசிரியர் நினைத்திருந்தால் இவளை அந்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

மிச்சப் பாகங்கள் எதற்கு என்றால், எடுத்த பணப்பையை அவன் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு கல்லுக்கடியில் போட்டுவிடுகிறான். அப்படியானால் எதற்குக் கொன்றான்? அவனுக்கே தெரியவில்லை. ஒரு காரணம் சொல்வான், நாலு பக்கத்தில் அதை அவனே மறுப்பான். கொலையை விசாரிக்கும் அதிகாரி போர்ஃபிரி வந்தபின் வேகம் கூடும்; அவர் பேச்சை மட்டும் அவசரமாகப் புரட்டாதீர்கள். கடைசியில் வரும் பின்னுரை எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

ரஸ்கோல்னிகோவ், ரோத்யா, ரோதியான் ரொமானவிச் எல்லாம் ஒரே ஆள்தான், குழம்ப வேண்டாம். கையில் இருப்பது எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பு என்றால், உங்கள் ஊர் பாத்திமா கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

நாலாம் பாகத்தில் சோனியா என்ற ஏழைப் பெண் ரஸ்கோல்னிகோவுக்கு வேதாகமம் படித்துக்காட்டுவாள். அந்தப் புத்தகம் யார் கொடுத்தது என்று அவன் கேட்பான். அதுவரை படித்துவிட்டு இன்னொரு கடிதம் போடுங்கள்.