சீன மூலிகை கேப்ஸ்யூல்: வாங்கலாமா?

கேள்வி: வயது 44. சாயங்காலம் ஆனால் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. இது 'அட்ரீனல் களைப்பு' (அட்ரீனல் என்பது சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பி), 'கான் சாவ்' என்ற சீன வேர் அந்தச் சுரப்பியைப் பலப்படுத்தும் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். 60 கேப்ஸ்யூல் 2,400 ரூபாய். ஆதாரம் உண்டா? பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும் நீங்கள். வாங்காதீர்கள்.

கான் சாவ் வேறொன்றுமில்லை. தொண்டைக்கட்டுக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வாயில் அடக்கிக்கொள்கிறோமே, அந்த அதிமதுரத்தின் சீனத்துப் பங்காளி. 2,400 ரூபாயில் பெரும்பகுதி அந்தப் பெயருக்குத்தான்.

ஆதாரம் இருக்கிறது, விளம்பரம் சொல்கிற மாதிரி இல்லை. 1940களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற டாக்டர் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தார். புண் ஆறியது, ஆனால் சிலருக்கு உடம்பு வீங்கியது. காரணம் பின்னால்தான் புரிந்தது. அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சிறுநீரகத்தில் ஒரு நொதி செயலிழக்க வைக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள் அந்த நொதியின் கையைக் கட்டிவிடும். உடனே உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், பிரஷர் ஏறும். சுரப்பிக்கு இதனால் ஒரு பலமும் கூடவில்லை. சுரந்தது கழியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். சுரப்பியே கெட்டுப்போன அடிசன் நோயாளிகளுக்கும் 1950களில் கொடுத்துப் பார்த்தார்கள். கார்டிசால் கொஞ்சமாவது இருந்தால்தான் எடுபட்டது.

அளவு மீறினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 54 வயதுக்காரர் ஒருவர் மூன்று வாரம் தினமும் ஒன்றரைப் பாக்கெட் அதிமதுர மிட்டாய் தின்றார். பொட்டாசியம் அடியோடு இறங்கி, இதயம் நின்று இறந்துபோனார். 2020-இல் மருத்துவ இதழில் வந்த சம்பவம். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே குறைய வாய்ப்புண்டு.

சரி, அந்த 'அட்ரீனல் களைப்பு'? 58 ஆய்வுகளை அலசிய 2016-ஆம் ஆண்டுக் கட்டுரை, அப்படி ஒரு நோய்க்கு ஆதாரமே இல்லை என்று முடித்தது. நிஜமாகவே அட்ரீனல் செயலிழந்தால் எடை குறையும், உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும், உப்புக்கு நாக்கு ஏங்கும், பிரஷர் இறங்கும். உங்களுக்கோ ஏற்றம்! சந்தேகம் தீரவில்லையென்றால் காலை 8 மணி வாக்கில் கார்டிசால் ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அதற்கு முன் ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. களைப்புக்குக் காரணம் சில சமயம் அந்தப் பக்கம் கிடைக்கும்.

இன்னொன்று. அமெரிக்காவில் கடையில் விற்ற 12 அட்ரீனல் சப்ளிமென்ட்களைச் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன், ஏழில் ஸ்டீராய்டு. லேபிளை நம்பி மோசம் போகிற இடம் இது.

'கிளைசிரைசின் நீக்கியது' என்று போட்டு ஒரு ரகமும் வருகிறது. அது பிரஷரை ஏற்றாதுதான். ஆனால் கார்டிசாலைத் தொடுகிற சரக்கே அதில் இல்லையே, அப்புறம் எதற்கு அட்ரீனல் பெயரில் விற்கிறார்கள்?