எல் பொத்ரேரோ சீக்கோ: நீண்ட போல்ட் ரூட் ஏறப் போகிறவர்களின் கேள்விகள்

மெக்ஸிகோவில் மான்டெரே நகரத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில், ஹிடால்கோ என்ற சின்ன ஊரை ஒட்டி எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள்தான் எல் பொத்ரேரோ சீக்கோ. அங்கே பல ரூட்களில், அதாவது ஏறும் பாதைகளில், கயிற்றை மாட்டிக்கொள்ளப் பாறையில் உலோக போல்ட்கள் பதித்திருக்கும். நான்கு குளிர்காலம் அங்கே ஏறியிருக்கிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

கேள்வி: அக்கா, பெங்களூரு பாறையேற்ற ஜிம்மில் 6பி (பிரெஞ்சு முறைக் கடினத் தரம்) ஏறுகிறேன். ‘ஸ்பேஸ் பாய்ஸ்’ ரூட்டும் அமெரிக்க முறையில் 5.10டி, அதாவது கிட்டத்தட்ட அதே 6பி. நேராகப் போகலாமா?

பதில்: எண் கிட்டத்தட்ட ஒன்றுதான், தம்பி. ஆனால் அது 11 பிட்ச், அதாவது ஒவ்வொன்றும் ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறும் 11 கட்டங்கள். ஜிம்மில் எதைப் பிடிப்பது என்று நிறமே சொல்லிவிடும். இங்கே சுவர் முழுக்க மழைநீர் அரித்த குழிகளும் விளிம்புகளும்தான். நாலைந்தைத் தடவிப் பார்த்து நல்லதைத் தேடுவதற்குள் முன்கை ஓய்ந்துவிடும். முதலில் கர்நாடகத்தின் பாதாமிக்குப் போய் வெளிப்பாறையில் லீட் (முன்னால் ஏறிக் கயிற்றை போல்ட்களில் மாட்டிக்கொண்டே போவது) ஏறிப் பழகுங்கள்.

கேள்வி: பாறை கையைக் கிழிக்குமா?

பதில்: கிழிக்கும். சில குழிகளின் விளிம்பு தேங்காய்த் துருவி மாதிரி இருக்கும். இரண்டு விரலை விட்டு மெதுவாக எடை ஏற்ற வேண்டும், வெடுக்கென்று இழுக்கக் கூடாது. விரல் நுனிக்கு டேப் எடுத்துப் போங்கள்.

கேள்வி: ‘டைம் வேவ் ஜீரோ’ ரூட்டை ஒரே நாளில் முடிக்க முடியுமா? நாங்கள் இருவரும் 5.11 ஏறுவோம்.

பதில்: முடியும். கை பலத்தை விட நேரம்தான் அங்கே கஷ்டம். 23 பிட்ச், 2,000 அடிக்கு மேல். பிட்சுக்கு 20 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட ஏழே முக்கால் மணி நேரம். 30 நிமிடம் ஆனால் பதினொன்றரை. டிசம்பரில் பகல் வெளிச்சமே பத்தரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு இறங்கவும் வேண்டும். 5.12ஏ பகுதி உச்சிக்குப் பக்கத்தில், களைத்த பிறகு வரும். அங்கே குயிக்டிராவை (போல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும் கொக்கிப் பட்டை) பிடித்து இழுத்துக்கொண்டு போவதில் தப்பே இல்லை. ஹெட்லாம்ப் ஆளுக்கு ஒன்று.

கேள்வி: போல்ட்தான் இருக்கிறதே, ஹெல்மெட் எதற்கு சார்?

பதில்: அக்கா என்றே கூப்பிடுங்கள். போல்ட் உங்களைத்தான் பிடிக்கும், மேலிருந்து வரும் கல்லைப் பிடிக்காது. சந்தேகமான பிடியை, பானை வாங்கும்போது பார்ப்பது போல, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்டால் தொடாமல் தாண்டிப் போங்கள். கீழே பிலே செய்பவர் (உங்கள் கயிற்றைப் பிடித்துக் காப்பவர்) உங்கள் நேர்க்கோட்டில் நிற்க வேண்டாம்.

கேள்வி: இறங்குவதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயம் நல்லது. 2014இல் பிரபல ஏறுநர் அலெக்ஸ் ஹானல்ட் இங்குள்ள ‘எல் செந்தேரோ லூமினோசோ’ ரூட்டைக் கயிறே இல்லாமல் ஏறினார். அதே ரூட்டில் 2019 நவம்பரில் பிராட் கோப்ரைட் என்ற அபாரமான ஏறுநர் ராப்பெல் செய்து (கயிற்றில் தொங்கிச் சறுக்கி) இறங்கும்போது உயிரிழந்தார். ஒரே கயிற்றின் இரு பக்கமும் அவரும் கூட ஏறியவரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். நுனி கைவிட்டு நழுவாமல் தடுக்கும் முடிச்சு கயிற்று நுனியில் இல்லை. அதைப் படித்த நாளிலிருந்து, முடிச்சுப் போட்டுவிட்டு வாய்விட்டுச் சொல்கிறேன்: “என் பக்கம் முடிச்சு, உன் பக்கம் முடிச்சு.” கூட வருபவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். கயிற்றின் நடுக்குறி ஆங்கரில் (கயிறு தொங்கும் பிடிமானத்தில்) இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 70 மீட்டர் கயிறு என்றால் பக்கத்துக்கு 35 மீட்டர். ஒவ்வொருவராக, கை நழுவினாலும் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் புருசிக் முடிச்சோடு இறங்குங்கள்.

இன்னொன்று: கயிற்றைக் கீழே வீசாதீர்கள். சுவரெங்கும் முள் கற்றாழை. ஒருமுறை வீசிவிட்டு, இருட்டும் நேரத்தில் முள்ளில் சிக்கிய கயிற்றை எடுக்க முக்கால் மணி நேரம் போனது. இப்போதெல்லாம் சுருட்டி இடுப்பில் தொங்கவிட்டு, இறங்க இறங்க அவிழ்த்துவிடுகிறேன்.

கேள்வி: எப்போது போவது? தண்ணீர் எவ்வளவு?

பதில்: நவம்பர் முதல் மார்ச் வரை. ஆளுக்கு இரண்டு லிட்டர். வெயில் விழும் சுவர் என்றால் மூன்று.