கடை அனுப்பிய கூப்பனை மின்னஞ்சலில் எப்படித் தேடுவது?

கேள்வி: நான் வழக்கமாகத் துணி வாங்கும் கடையில் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறேன். சேர்ந்த புள்ளிகளுக்கான கூப்பனை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டதாகக் கடையில் சொல்கிறார்கள். அவர்களிடமிருந்து விளம்பர அஞ்சல்கள் குவிகின்றன. கூப்பனை மட்டும் காணோம். ஜிமெயில்தான் பயன்படுத்துகிறேன். எப்படித் தேடுவது?

பதில்: 'கூப்பன்' என்று தேடிப் பார்த்துவிட்டு நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலரும் ஏமாறும் இடம் அதுதான். ஒரு கடை அதை வவுச்சர் என்கிறது, இன்னொன்று ரிவார்டு என்கிறது, மற்றொன்று பிறந்தநாள் பரிசு என்கிறது. போதாக்குறைக்கு, முழு அஞ்சலையும் ஒரே படமாக வடிவமைத்து அனுப்புகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் தேடலில் சிக்காது. ஆகவே கடையின் பெயரைக் கொண்டு தேடுங்கள். தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள சிறு குறியை அழுத்தினால் அனுப்புநர், தேதி ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடலாம். கடைசியாகப் பொருள் வாங்கிய நாளுக்குப் பிந்தைய அஞ்சல்களை மட்டும் பாருங்கள். ஸ்பேம், குப்பை இரண்டையும் சேர்த்துத் தேடும்படி அங்கேயே தேர்ந்தெடுங்கள். ஸ்பேமில் விழுந்தது 30 நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2013இல் ஜிமெயில் விளம்பர அஞ்சல்களுக்கெனத் தனிப் பிரிவைக் கொண்டுவந்தது. அந்தப் பக்கம் போகாதவர்களுக்குப் பல கூப்பன்கள் கண்ணிலேயே படுவதில்லை.

அஞ்சலைத் திறந்த பிறகும் கூப்பன் ஒளிந்திருக்க இரண்டு இடங்கள் உண்டு. ஓர் அஞ்சல் ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதை நடுவில் வெட்டிவிட்டு, முழுச் செய்தியையும் காண ஓர் இணைப்பை மட்டும் அடியில் வைக்கும். கடைகளின் நீண்ட அஞ்சல்களில் இது அடிக்கடி நடக்கிறது. கூப்பன் எண்ணோ வெட்டுப்பட்ட பகுதியில் இருக்கும். என் தாயாருக்கு வந்த பிறந்தநாள் கூப்பனை இப்படித்தான் தவறவிட்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. இரண்டாவது, ஒரே தலைப்பில் தொடர்ந்து வரும் அஞ்சல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும்போது, முன்பே வந்த வரிகள் மூன்று புள்ளிகளுக்குள் மடிக்கப்படும். அந்தப் புள்ளிகளையும் அழுத்திப் பாருங்கள். படங்கள் திறக்காமல் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால், அனுப்பியது கடைதான் என்று உறுதி செய்துகொண்டு அவற்றைத் திறக்கலாம்.

எல்லோருக்கும் பொதுவான தள்ளுபடிக் குறியீடு நினைவில் நிற்கும் சொல்லாக இருக்கும். உங்கள் புள்ளிகளுக்குரிய கூப்பன் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்து, ஒரே முறை செல்லுபடியாகும் வகையில் இருக்கும். காலாவதித் தேதியும் குறைந்தபட்சக் கொள்முதல் தொகையும் அடியிலுள்ள பொடி எழுத்தில் இருக்கும்.

கூப்பனைப் பெற ஓடிபி, வங்கி விவரம், கட்டணம் என்று எதையாவது கேட்கும் அஞ்சலை உடனே மூடிவிடுங்கள். சந்தேகம் வந்தால் அஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், கடையின் செயலியை நேராகத் திறந்து உங்கள் கணக்கைப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கிடைக்கவில்லையென்றால், கடையில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பில் போடும் அவசரத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால், கூப்பன் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். கைப்பேசி எண்ணைச் சொன்னால் கூப்பனைத் தங்கள் கணினியிலேயே பார்த்துச் சொல்லும் கடைகளும் உண்டு. பில் அடித்த பிறகு கழித்துத் தருவது கடினம் என்பதால், அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.