முதியோர் ஹோம்ல அம்மாவுக்கு படுக்கைப்புண், கேட்டா மழுப்புதாங்கன்னு எழுதின அண்ணனுக்கு

அண்ணே, நீங்க துபாய்ல, அம்மா தக்கலை பக்கம் ஒரு ஹோம்ல, இடுப்புல புண்ணு, கேட்டா வயசானா அப்படித்தான்னு சொல்லுதாங்க, கம்ப்ளைன்ட் பண்ணினா அம்மா மேல காட்டிருவாங்களோன்னு பயம், அதானே?

வயசு மட்டும் புண்ணு வரவைக்காது. எழும்ப முடியாதவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும், நனைஞ்ச டயப்பர உடனே மாத்தணும், சாப்பாடு தண்ணி ஒழுங்கா போகணும், சிலருக்கு இவ்வளவு செஞ்சும் வரும்தான், ஆனா அப்பிடின்னா நோட்டுல எழுதி டாக்டர்ட்ட காட்டியிருப்பாங்கல்லா. அந்த நோட்டக் கேளுங்க.

ஊர்ல இருக்க தங்கச்சிய சொல்லாம கொள்ளாம சாப்பாட்டு நேரத்துல போகச் சொல்லுங்க, தேதியோட போட்டோ எடுக்கட்டும். புண்ணு கருத்திருந்தாலோ நாத்தம், காய்ச்சல் இருந்தாலோ சண்டையெல்லாம் பொறவு, முதல்ல ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு கொண்டு போங்க, அங்க டாக்டர் எழுதுற சீட்டுதான் பெரிய சாட்சி.

14567 முதியோர் ஹெல்ப்லைன், காசு கிடையாது, ஊர்ல இருந்து தங்கச்சிய கூப்பிடச் சொல்லுங்க. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை மனு நாள், மாவட்ட சமூக நல அலுவலர் பேருக்கு எழுதிக் குடுத்து ரசீது வாங்கணும். பயமா இருந்தா அம்மாவ வேற இடம் மாத்திட்டு குடுங்க, ஆனா குடுக்காம விட்டுராதீங்க, அங்க கேக்க ஆளில்லாத கிழடுங்க இன்னும் கிடக்குல்லா.