இனிக்கிற கிழங்கு அம்மாவுக்குக் கூடாதா?

கேள்வி: அக்கா, எங்கள் வளவில் மரவள்ளியும் நிற்கிறது, வத்தாளையும் (சர்க்கரைவள்ளி) படர்ந்து கிடக்கிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தம். வத்தாளங்கிழங்கு இனிக்கும் என்பதால் அவவுக்கு மரவள்ளிதான் அவித்துக் கொடுக்கிறேன், நாலு வயது மகளுக்கும் அதுதான். உண்மையில் எதில் சத்துக் கூட?
– வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, நீங்கள் மாறிப் பிடித்துவிட்டீர்கள். 100 கிராம் பச்சை மரவள்ளியில் மாச்சத்து ஏறத்தாழ 38 கிராம், 160 கலோரி. வத்தாளையில் 20 கிராம், 86 கலோரிதான், நார்ச்சத்தும் அதில்தான் கூட. வாயில் இனிக்காத மாச்சத்தும் வயிற்றுக்குள் போனால் சீனியாகத்தான் மாறும், அதனால் அம்மாவுக்கு வத்தாளையைக் கொடுங்கள். ஆனால் அவித்துக் கொடுங்கள், சுட்டால் சீனி வேகமாக ஏறும். அதோடு சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மேலதிகமாக இரண்டு துண்டு என்று வேண்டாம், சோற்றுக்குப் பதிலாக ஒரு சின்னக் கிழங்கு போதும்.

மகளுக்கு எது என்பதை வத்தாளையை வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உள்ளே செம்மஞ்சளாக இருந்தால் அது பிள்ளைக்குப் பொக்கிஷம், அந்த நிறமே பீற்றா கரோட்டின், உடம்பு அதை விற்றமின் ஏ ஆக்கிக்கொள்ளும், கண்ணுக்கு நல்லது. ஆபிரிக்காவில் இந்தச் செம்மஞ்சள் வத்தாளையைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள். கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்துக் கொடுங்கள், கொழுப்போடு போனால்தான் அது நன்றாக உடம்பில் சேரும். நம்மிடம் அதிகம் கிடைக்கிற, தோல் சிவந்து உள்ளே வெள்ளையான கிழங்கில் இந்தச் சத்து மிகக் குறைவு, தோலின் நிறத்தை நம்ப வேண்டாம்.

அதற்காக மரவள்ளியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. வெயிலில் வயலுக்குள் நிற்கிறவருக்கு அந்தச் சக்தி தேவைதான், 100 கிராம் பச்சைக் கிழங்கில் விற்றமின் சி 20 மில்லிகிராம் இருக்கிறது (அவிக்கையில் கொஞ்சம் போய்விடும்). குறை என்னவென்றால் புரதம் ஒரு கிராமுக்குச் சற்றுத்தான் மேல். வெறும் சம்பலோடு பிள்ளையின் வயிற்றை நிரப்பினால் பசி அடங்கும், வளர்ச்சிக்கு ஒன்றும் போகாது. மீன்குழம்போ முட்டையோ பருப்போ பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிறகு அந்த நஞ்சு விசயம். மரவள்ளியில் சயனைட்டாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது, கசக்கிற கிழங்கில் இன்னும் கூட. மண்ணிறத் தோலுக்குக் கீழே இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகத் தடித்த பட்டை இருக்கிறதல்லவா, கத்தியால் நீளமாகக் கீறிவிட்டு விரலை உள்ளே விட்டால் சுருண்டு வருமே, அதை முழுதாக உரித்துவிடுங்கள். துண்டாக்கிக் கழுவி, நிறையத் தண்ணீரில், பானையை மூடாமல் அவியுங்கள். என் அம்மா மூடியைக் கிட்டவே கொண்டுவர விடமாட்டா, காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது: அந்த நஞ்சு 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும், அது வெளியே போக வழி வேண்டும். அவித்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள், குழம்புக்கு எடுக்க வேண்டாம். பச்சையாக ஒரு துண்டும் பிள்ளை கடிக்கக் கூடாது.

கேள்வி: சந்தையில் வாங்கிய மரவள்ளியை மூன்று நாள் கழித்து வெட்டினால் உள்ளே நீலக் கோடு கோடாக இருக்கிறது. சமைக்கலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம் தம்பி. பிடுங்கி இரண்டு மூன்று நாளில் மரவள்ளி உள்ளுக்குள் பழுதாகத் தொடங்கும், அந்தக் கோடு அதன் அடையாளம். வாங்கிய அன்றே உரித்து அவியுங்கள். வளவில் நிற்கிறதென்றால் மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் கிண்டுங்கள்.