வீட்டை அடகு வைத்து டொக்டராக்க வேண்டாம், அக்கா

குரொய்டனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு 17 வயது, ஏ-லெவல் இரண்டாம் ஆண்டு. மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான யூகேட்டில் மதிப்பெண் குறைவு, இங்கே மருத்துவ இடம் கிடைக்காது போலிருக்கிறது. பல்கேரியாவுக்கு அனுப்பு என்று கனடா மாமா தினமும் போன் பண்ணுகிறாராம். வீட்டு மோர்ட்கேஜைக் கூட்டி எடுக்கத் தகப்பன் வங்கியில் கதைத்துவிட்டார். பிள்ளையோ டெண்டர் வழக்குகளில் வாதாடுகிற சட்டத்தரணியாக வேண்டும் என்கிறாள். தகப்பன் கட்விக் விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரத்தை நடத்தும் நிறுவனம் ஏன் மாறியது என்று தேடப்போய், நீதிமன்றத் தீர்ப்பைப் படித்து, அதிலேயே மனம் பதிந்துவிட்டதாம். "இவளின் மனதை எப்படி மாற்றுவது?" என்று கேட்கிறார்.

அக்கா, யூகேட்டில் மதிப்பெண் குறைந்ததால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடவில்லை. ஆறுதலாக நான் சொல்வது இவ்வளவுதான். அவள் மனதை மாற்ற நான் உதவ மாட்டேன்.

முதலில் காசு. பட்டப்படிப்பு முழுவதையும் வெளிநாட்டில் படித்தால் இந்த நாட்டின் மாணவர் கடன் கிடைக்காது. ஆறு வருடக் கட்டணம், வாடகை, சாப்பாடு, விமானச் சீட்டு எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். மூன்றாம் வருடத்தில் அவள் முடியாது என்று திரும்பி வந்தால் வீட்டின் மேல் உள்ள கடன் அப்படியே நிற்கும். மாமா தவணை கட்டப் போவதில்லை. வேதியியலையே "எங்களுக்காக எடுத்தாள்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விருப்பமில்லாத பிள்ளையை நம்பி வீட்டைப் பணயம் வைக்காதீர்கள்.

பார்மசி, அக்கவுண்டன்சி பற்றியெல்லாம் சொந்தக்காரர்கள் சொல்லி முடித்திருப்பார்கள், அதை விடுகிறேன். அவள் கேட்கிற வேலை என்ன என்பதைச் சொல்கிறேன்.

பிரிட்டனில் உயரே பறந்து கடக்கும் விமானங்களை வழிநடத்துவது நாட்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. கோபுரச் சேவை அப்படியல்ல. அதை யாரிடம் கொடுப்பது என்று விமான நிலையமே டெண்டர் விட்டுத் தீர்மானிக்கலாம். 2014-ல் கட்விக் அப்படி விட்டது. பல காலம் கோபுரத்தை நடத்திய நாட்ஸ் தோற்றது, ஜெர்மன் அரசுக்குச் சொந்தமான டிஎஃப்எஸ் நிறுவனம் வென்றது. தேர்வு முறையாக நடக்கவில்லை என்று நாட்ஸ் லண்டனிலுள்ள தொழில்நுட்ப, கட்டுமான வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் 2016 மார்ச்சில் டிஎஃப்எஸ்ஸின் துணை நிறுவனம் பொறுப்பேற்றது. 2022 அக்டோபரில் நாட்ஸ் திரும்பி வந்தது. 2023 செப்டம்பரில் கோபுரத்தில் ஆள் பற்றாமல், ஒரு வாரம் நாளுக்கு 800 விமானங்கள்தான் என்று கட்விக் வரம்பு வைத்தது உங்கள் கணவருக்கு நினைவிருக்கும். இந்த ஒப்பந்தம் வெறும் காகிதம் இல்லை என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்த வழக்குகளில் உள்ள சிக்கலைப் பாருங்கள். கோபுரத்திலிருந்து விமானங்களை வழிநடத்தும் கொன்ட்ரோலரின் உரிமம் ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனியாகச் சான்று பெற்றால்தான் அங்கே செல்லும். வென்ற நிறுவனம் நாளைக்கே வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைக்க முடியாது. பழைய ஆட்களே புதிய முதலாளிக்கு மாற வேண்டியிருக்கும். அப்போது அவர்களின் ஊதியம், ஓய்வூதியம் என்ன ஆகும் என்ற கேள்வி வரும், முதலாளி மாறும்போது பணியாளர்களைப் பாதுகாக்கும் 2006-ன் விதிகளும் உள்ளே வரும். இன்னொன்று, ஒப்பந்தம் வழக்கால் நின்றுபோனால் கோபுரத்தைப் பூட்டவா முடியும்? பெரும்பாலும் பழைய நிறுவனமே தொடரும். அதாவது தோற்றவர் அந்த வேலையைச் செய்துகொண்டே அந்த வேலைக்காக வழக்காடுவார். இதில் யாருக்கு அநியாயம் என்று நீதிபதி எடைபோட வேண்டும்.

நேரமோ மிகக் குறைவு. 2025 பெப்ரவரி 24-ல் நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் சட்டத்தில், முடிவு அறிவித்தபின் பொதுவாக எட்டு வேலைநாள் காத்திருந்துதான் கையெழுத்து வைக்கலாம். அதற்குள் வழக்குப் போட்டு எதிர்த்தரப்புக்கு அறிவித்துவிட்டால் ஒப்பந்தம் தானாகவே நிற்கும். தவறவிட்டால் வழக்குப் போடலாம், ஆனால் அந்தத் தானியங்கித் தடை இருக்காது. வழக்குக்கான பொதுக் காலவரம்பே 30 நாள்தான். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் டெண்டரை எதிர்க்க அதற்கென்றே ஒரு தகராறுத் தீர்வு அலுவலகம் இருக்கிறது, அங்கே பொதுவாக ஏழு வேலைநாள்.

அந்த நாட்களில் இளம் சட்டத்தரணி செய்யும் வேலை மதிப்பெண் தாள்களைப் புரட்டுவது. பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒருவருக்கு 4, இன்னொருவருக்கு 3 ஏன்? முன்பே சொல்லாத அளவுகோல் எதையாவது பாவித்தார்களா? இந்த விலைக்கு உண்மையில் சேவை நடத்த முடியுமா? போட்டியாளரின் விலை வியாபார இரகசியம் என்பதால், பெயர் குறித்த சில சட்டத்தரணிகளும் நிபுணர்களும் மட்டுமே பார்க்கலாம், சொந்தக் கட்சிக்காரருக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவார்கள். நுணுக்கமாக வாசிக்கிற, வாயைக் கட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஏற்ற வேலை. தானாகத் தேடி ஒரு தீர்ப்பைப் படித்து முடித்த 17 வயதுப் பிள்ளையை நான் அதிகம் கண்டதில்லை.

விமானக் கோபுர வழக்கு மட்டும் ஒருவருக்குச் சோறு போடாது, அப்படி வழக்குகள் அரிது. ஆனால் இதே சட்டம்தான் ரயில், மருத்துவமனை, கணினி அமைப்பு என்று அரசு வாங்கும் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிறது. 2012-ல் வெஸ்ட் கோஸ்ட் ரயில் ஒப்பந்தம் கைமாறுவதை அதுவரை அந்தப் பாதையை நடத்திய வர்ஜின் நிறுவனம் எதிர்த்தபோது, அரசு தன் கணக்கிலேயே பிழை இருந்ததை ஒப்புக்கொண்டு முழுப் போட்டியையும் ரத்துச் செய்தது.

வழி என்ன? சொலிசிட்டர் அப்பிரன்டிஸ்ஷிப், அதாவது வேலை பார்த்துக்கொண்டே சட்டத்தரணியாகும் பயிற்சி. ஏ-லெவல் முடித்ததும் சேரலாம், ஏறக்குறைய ஆறு வருடம். வேலை, சம்பளம், சட்டப் படிப்பு, தகுதிப் பரீட்சை எல்லாம் ஒன்றாக நடக்கும், படிப்புக் கட்டணம் பிள்ளையின் தலையில் விழாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2026 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் இந்த மட்டப் பயிற்சிக்கான அரசு நிதி பொதுவாக 16 முதல் 21 வயதுக்குள் தொடங்குபவர்களுக்குத்தான். பல்கேரியாவில் நாலு வருடம் கழித்துவிட்டுத் திரும்பி வந்தால் இந்த வாசல் இருக்காது.

போட்டி கடுமை, கிடைக்காமலும் போகலாம். அதனால் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸில் சட்டத்துக்கும் இப்போதே விண்ணப்பிக்கட்டும். 2025/26-ல் உச்சக் கட்டணம் வருடம் 9,535 பவுண்டு, அதற்கு மாணவர் கடன் உண்டு. வருடம் 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால்தான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், வீட்டுப் பத்திரத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்பிரன்டிஸ் இடங்களைச் சில நிறுவனங்கள் கிறிஸ்மஸுக்கு முன்பே மூடிவிடுகின்றன. வங்கிச் சந்திப்பைத் தள்ளிப் போடுங்கள். பிள்ளையின் விண்ணப்பக் கடிதத்தை இந்த வாரமே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். மாமாவுக்குப் பதில் சொல்வது கஷ்டமென்றால் என் நம்பரைக் கொடுங்கள்.